காலை நேரத்துக்காரி

அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் அதைச் சொன்னார். முதல் பஸ் ஓட்டுகிறவர் அவர்; விடியுமுன் கிளம்பிவிடுவார். மனைவி வீட்டிலிருந்தபடியே அச்சுப்பிழை திருத்துகிறவள். பொழுது சாய்ந்தால்தான் அவளுக்கு உயிரே வரும். காலையில் மனசு ஈரச் சாக்கு மாதிரி கனக்கும். பத்து மணிவரை கண்ணைத் திறக்கவே பயமாக இருக்கும். இது சோம்பல் இல்லை, உடம்பின் கடிகாரமே அப்படி என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாத்தனார் காதில் அது ஏறினால்தானே. “ஆந்தை” என்று பெயரே வைத்துவிட்டாள்.

“காலைல எழுந்து சிரிச்சுப் பேசிட்டே டீ போட்டுக் குடுக்கறியே, எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?” என்றார் அவர்.

அந்த மூன்று நாளும் காலையில் அவள் எழுந்திருக்கவே இல்லை.

பயத்துக்கு முன்னால் வயிறுதான் எரிந்தது. ஒன்பது வருஷத்தில் அவர் முகத்தில் இப்படியொரு பூரிப்பை அவள் பார்த்ததில்லை. அவள் ஏங்கிக் கிடந்ததை எவளோ ஒருத்தி நோகாமல் அள்ளிக்கொண்டு போகிறாள், பாவி.

மூன்று அலாரம் வைத்தாள். மூன்றையும் யாரோ அணைத்திருந்தார்கள். பத்து மணிக்குக் கண்விழித்தபோது தலையணை ஈரமாக இருந்தது, சோப்பு வாசனை வந்தது.

அவள் கூந்தல் காய்ந்துதான் கிடந்தது.

அன்று இரவு படுக்கப் போகுமுன் ஒரு தாளில் ‘என் கணவரை விட்டுவிடு’ என்று எழுதி அடுப்பருகே வைத்தாள்.

காலையில் பார்த்தால், ‘என்’ சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில், அவளுடைய கையெழுத்திலேயே, ‘நம்’ என்று திருத்தம்.

அடுத்த இரவு அவள் படுக்கவே இல்லை. வருகிறவளை ஒரு கை பார்த்துவிடுவது என்று அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலரைக்கு அவர் எழுந்து வந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

“இன்னைக்கு நான் டீ போடறேன்” என்று சிரிக்கப் பார்த்தாள்.

“வேண்டாம்மா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீ போய் எங்கயாவது படு. அவ எழுந்திரிக்கிற நேரமாச்சு.”

படுக்கையறையில், அவள் படுக்கிற பக்கம், கட்டில் கிறீச்சிட்டது. யாரோ சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார்கள்.