அக்காவைத் தின்ற கிருமி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆய்வுக்கூடத்தில் ஈ, காக்கா இல்லை. மறுநாளோடு ஓய்வு பெறப்போகும் நுண்ணுயிரியல் பேராசிரியை கதவைத் திறந்தபோது வழக்கமான வாடைதான் அடித்தது: பினாயில், கிருமி வளர்க்கும் கூழ், பழைய ஏசியின் ஈரம்.

அவள் வந்தது ஒரே ஒரு வேலைக்காக. உறைபெட்டியின் அடித்தட்டில் இருக்கும் குப்பியை ஒழித்துக்கட்ட வேண்டும்.

அதற்குள் இருந்தது அவளுடைய அக்காவின் நுரையீரலைத் தின்ற கிருமி. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாதது. சாகக் கிடந்தவளின் சளியிலிருந்து தங்கச்சியே பிரித்தெடுத்தது. பட்டம், பதவி, வெளிநாட்டு மேடை எல்லாம் அந்தக் குப்பி போட்ட பிச்சை. மருந்துதான் கடைசிவரை கிடைக்கவில்லை.

காலையில் அக்கா புருஷன் ஃபோனில் சொன்னது இன்னும் உறுத்தியது. "அவ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாச்சு. அவளைக் கொன்னதுக்கு மட்டும் பாலூத்தி வளர்க்கறியேம்மா. போதும்."

உறைபெட்டியைத் திறந்தாள். வெண்புகை காலடியில் வழிந்தது. தடித்த கையுறையோடு குப்பியை எடுத்தாள்.

சுட்டது.

சுற்றியிருந்த குப்பிகளிலெல்லாம் பனி பூத்திருக்க, இது மட்டும் காய்ச்சல்காரியின் உள்ளங்கைபோலச் சுட்டது.

'வயசாச்சு, புத்தி பிசகுது' என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கிருமிகளை நீராவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குள் குப்பியைப் போட்டு மூடியை முறுக்கினாள். நீராவி சீறத் தொடங்கியது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

முதலில் வறட்டு இருமல். பிறகு நெஞ்சைக் கிழிக்கிற ஈர இருமல். அதன் பின்னால், வார்டில் விடிய விடியக் கேட்ட அந்த இழுப்பு.

"மூச்சு முட்டுதுடி..."

அவள் கை நீராவியை நிறுத்தும் சுவிட்சுக்குப் போனது.

போன கை அந்தரத்திலேயே நின்றது.

"போயிடுக்கா," என்றாள் மெதுவாக. "என்னையும் விட்டுடு."

இருமல் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. மூடியைத் திறந்தபோது குப்பி நெளிந்து கிடந்தது. அடியில் வெந்துபோன கொஞ்சம் கசடு, அவ்வளவுதான். அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

ஃபோனை எடுத்தாள்.

"முடிஞ்சுது அத்தான். அழிச்சுட்டேன்."

மறுமுனையில் அவர் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அத்தான்?"

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லையே. நான் மட்டும்தான்."

"பொய் சொல்லாதே. அவ மூச்சு எனக்குத் தெரியாதா?" கிழவரின் குரல் உடைந்தது. "ஃபோனை அவகிட்ட குடு."

அவள் கையிலிருந்து ஃபோனை யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள்.