ஆண் முயலின் கூடு

பதினோராம் கூண்டு முயல் தன் மார்பு மயிரைப் பல்லால் கவ்விக் கவ்விப் பிடுங்கி, வைக்கோலின் மேல் மெத்தை மாதிரி பரப்பிக்கொண்டிருந்தது. குட்டி போடுவதற்கு முன் பெண் முயல் செய்கிற வேலை அது. பதினொன்றில் இருந்ததோ ஆண்.

"இவனுக்கு எப்ப பிரசவம் மேடம்?" என்று கேட்டுச் சிரித்தாள், கூண்டு கழுவித் தீனி வைக்கிற பெண். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் 'கூண்டு அக்கா'. வைரஸ் ஆராய்ச்சிக்காரியான இவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த நீள அறையில் காற்றாடியின் உறுமலும், பிளீச்சிங் பவுடரும் மூத்திரமும் கலந்த வாடையும், அதற்குள் எங்கோ சரக், சரக் என்று மயிர் அறுபடுகிற சின்னச் சத்தமும் இருந்துகொண்டே இருந்தன.

மூன்றே வாரத்தில் ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு என்று மற்றக் கூண்டு ஆண்களும் கூடு கட்ட ஆரம்பித்தன. அவற்றின் தொண்டையில் எடுத்த மாதிரியில், உலகத்தில் யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒரு வைரஸ் இருந்தது. கண்டுபிடித்தவள் இவள். பத்து வருடமாக அடுத்தவர் கட்டுரைகளில் ஐந்தாவது பெயராக ஒட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை அறிவிப்பு. 'மனிதருக்குத் தொற்றாது' என்ற ஒரு வரி மட்டும் பாக்கி. ஆய்வகத்தில் வேலை செய்கிற மற்ற ஆறு பேரின் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தாள். தன்னுடையதை எடுக்கவில்லை. கையுறை இல்லாமல் ஒரு முயலையும் தொட்டதில்லை என்ற கர்வம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரையில் ஐந்து கோடுகள் தரையோடு படுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும், வைரஸ் இருக்கிறது என்று, எழுந்து மேலே போயிற்று. கூண்டு அக்காவினுடையது.

மறுபடி சோதித்திருக்க வேண்டும். விதி அதுதான். 'அக்கா கையுறையை ஒழுங்காகப் போட்டிருக்கமாட்டாள், முயல் எச்சில் ஒட்டியிருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆறாவது கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவர்களை எத்தனை தடவை கேலி செய்திருப்பாள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

கிளம்பும்போது கூண்டு அக்கா கதவோரம் நின்றிருந்தாள். "மேடம், தலைமுடி கொத்துக் கொத்தா வருது. வலிக்கவே இல்ல, அதான் பயமா இருக்கு. டெஸ்ட்ல ஏதாச்சும்..."

"ஒண்ணும் இல்லக்கா. எண்ணெய மாத்திப் பாருங்க."

"நீங்க சொன்னா சரி மேடம்." அக்காவின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை நான்கு தடவை அக்காவுக்குப் போன் செய்தாள். ஐந்தாவது தடவை அக்காவின் கணவன் எடுத்தான். "பரண்ல ஏறி உக்காந்துட்டா மேடம். இறங்கவே மாட்டேங்கறா. தலையில ஒரு முடி இல்ல. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல." அதற்குப்பின் ஆய்வக இயக்குநரின் எண்ணை எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது போயிற்று. எப்படிச் சொல்வது? தெரிந்தே மறைத்தேன் என்றா? வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிறு மதியம். இவள் கணவன் கடைக்குப் போயிருந்தான். ஜன்னலில் நல்ல வெயில். படுக்கையறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சரக். சரக்.

வாடையும் வந்தது. ஈர மயிர் வாடை.

ஏழு வயது மகள் அலமாரியின் கீழ் இழுப்பறைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, என்ன பண்ற?"

"கூடு."

இழுப்பறை நிறைய முடி. நீளமான கறுப்பு முடி. பின்னி, அமுக்கி, வட்டமாக்கிய முடி. நடுவில் ஒரு குழி.

"யாரு செஞ்சது இத?"

"நீதானம்மா. தினம் நான் தூங்கினப்புறம் வந்து உக்காந்து செய்யற. முழிச்சுக் கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டேங்கற."

கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. கொண்டைக்கு அடியில் விரல் பட்டது. வழவழவென்று வெறும் தோல்.

"நானும் ஹெல்ப் பண்றேம்மா." மகள் தன் பின்னலிலிருந்து ஒரு கொத்தை உருவினாள். முகம் சுளிக்கவில்லை.

போன் அடித்தது. இயக்குநர்.

"ஆறு பேருக்கும் ஒண்ணுமில்லதானேம்மா? நாளைக்கு வெளியிலேருந்து நாப்பது பேர் வராங்க. முயல் ரூம சுத்திப் பாக்கணுமாம். உள்ள விடலாமில்ல?"

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். நாற்பது பேர். மகள் இன்னொரு கொத்தை உருவினாள். சொல்லிவிடு, பாவி, சொல்லிவிடு! அக்காவின் தெளிந்த முகம். ஆறாவது கட்டம். தன் கையெழுத்து.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். "விடலாம்."

போனைப் பிடிக்காத கை பிடரியிலிருந்து இறங்கியது. அதில் ஒரு கொத்து. வலி இல்லை. கொஞ்சமும் இல்லை. அவள் குனிந்து அதைக் குழியில் வைத்து மெதுவாக அமுக்கினாள்.

மகள் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.