ஜோடிக் கால்

காலை 5.48. பயிற்சித் திடலின் இரண்டாவது வளைவில் பந்தயக் குதிரை வெள்ளச்சி தலைகுப்புற விழுந்தாள். இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து தொங்கியது. பத்தடி தள்ளி, உலர்ந்த மணலில், கழுத்து திரும்பிய நிலையில் ஜாக்கி கிடந்தான். லாயத்து முதலாளியின் இளைய மகன்.

எல்லோரும் பெரியவர் என்று அழைக்கும் அந்த முதலாளி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடவில்லை. ஓடிப் பயனில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

6.20க்குக் குதிரை டாக்டர் வெள்ளச்சிக்குக் கடைசி ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"பந்தயத்துல ஓடலாமான்னு பாக்க அஞ்சு பத்துக்கு நான்தான் சோதிச்சேன். முன்னங்கால் ரெண்டும் சில்லுனு இருந்துச்சு. பனின்னு நினைச்சுட்டேன். பின்னங்கால் வெதுவெதுப்பா இருந்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். யாரோ ஐஸ் வெச்சு மரத்துப்போக வெச்சிருக்காங்க. வலி தெரியாம அது முழுப் பாரத்தையும் நோவுற கால்ல போட்டு ஓடியிருக்கு."

"நேத்து வெச்ச ஐஸா இருக்குமா?" என்றார் விசாரிக்க வந்திருந்த பெண் இன்ஸ்பெக்டர்.

"முக்கால் மணி நேரத்துல கால் பழைய சூட்டுக்கு வந்துடும். நாலரைக்கு மேலதான் வெச்சிருக்கணும்."

7.30. லாயத்தில் விசாரணை. வெள்ளச்சியைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரன் வேலைக்கு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

"ஐஸ் வெச்சியா?"

"நேத்து சாயந்திரம் வெச்சேம்மா. இடது கால்ல சூடு இருந்துச்சு. பக்கெட்டுல ஐஸ் தண்ணி, இருபது நிமிஷம்."

"காலைல?"

"இல்லம்மா. நாலரைக்குச் சின்னவரு வந்தாரு. பின்பக்கக் கொட்டகைல புதுச் சேணம் கிடக்கு, தேடி எடுத்துட்டு வான்னாரு. நான் வரும்போது டாக்டரு காலத் தொட்டுப் பாத்துட்டிருந்தாரு."

"சின்னவரு சொன்னதுக்கு யாரு சாட்சி?"

சாட்சி சொல்ல வேண்டியவனை ஆஸ்பத்திரி வண்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"குதிரை நொண்டினா முதல்ல உன் வேலை போகும். அதானே?"

"அம்மா, சோத்துக்காக ஆளக் கொல்லுவாங்களா?"

பெரியவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். மகன் போய்விட்டான். மிச்சம் இருப்பது மூன்று தலைமுறையாகக் காப்பாற்றிய பேர். பழி வெளியாள் ஒருவனின் தலையோடு போகட்டும், குடும்பத்தின்மேல் கறை விழக்கூடாது என்ற ஒரே பிடிமானத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்தே இவன் லட்சணம் தெரிஞ்சுதும்மா. ஒத்தக் காலை பக்கெட்டுல விட்டுட்டு நிக்கிறான். எங்க லாயத்துல ஒரு காலுக்கு எது செஞ்சாலும் ஜோடிக் காலுக்கும் செய்வோம். ஐஸோ, மண்பத்தோ, கட்டோ, எதுவா இருந்தாலும். நோவுற கால் பாரத்தையும் சேத்துச் சுமக்கிறது நல்ல கால்தானே. வேற எந்த லாயத்துலயும் இந்தப் பழக்கம் கிடையாது."

"இவன்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

"கூலிக்காரன்கிட்ட என்னத்தச் சொல்றது? பாத்துட்டுப் பேசாம வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் குதிரைக்காரனை ஜீப்பில் ஏற்றினார்.

10.40. ஆஸ்பத்திரியில் இளையவனின் உடைமைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். கடிகாரம், சட்டை, சாட்டை, பூட்ஸ். இடது பூட்ஸுக்குள் கையுறைகள் சுருட்டிச் செருகப்பட்டிருந்தன. பெரியவர் எடுத்தார். கனத்தன. பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"புல்லுல பனி இருந்திருக்கும்யா" என்றார் ஆஸ்பத்திரி ஊழியர்.

பெரியவர் சட்டையைத் தடவினார். மொரமொரவென்று காய்ந்திருந்தது. வெறும் கையோடு கடிவாளம் பிடிக்காதவன் இன்று வெறும் கையோடு கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குதிரை டாக்டர் சொன்னதும் கூடவே வந்தது. முன்னங்கால் *ரெண்டும்*.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மூத்த மகன் இருந்தான். அதிகாலை நாலு மணியிலிருந்து பந்தயக் கிளப் அலுவலகத்தில் குதிரை டாக்டரோடு இருந்தவன்.

"உனக்கும் புரிஞ்சிடுச்சா?"

"புரிஞ்சுதுப்பா. பேசாம இருங்க. தம்பி போயிட்டான், அவன் பேராவது இருக்கட்டும். அந்த ஆளுக்கு நல்ல வக்கீலா வெச்சுடலாம்."

"வக்கீல் வெச்சு, அவன் உள்ள போறத நாம வெளிய நின்னு பாக்கணுமா?"

"கிளப்புல லைசென்ஸ ரத்து பண்ணிடுவாங்கப்பா. லாயமே போயிடும்."

"போகும்" என்று எழுந்தார் பெரியவர்.

11.50. காவல் நிலையம். அவர் கையுறைகளை மேசைமேல் வைத்தார்.

"அந்த ஆளை விட்டுடுங்கம்மா. ஐஸ் வெச்சது என் சின்ன மகன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பிடிச்ச ஆள் வெச்சிருந்தா ஒரு கால்தான் சில்லிட்டிருக்கும். அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நேத்து என் கண்ணால பாத்தேன். இன்னைக்கு நோவு இல்லாத காலும் குளிர்ந்து கிடந்துச்சு. அவசரத்துல, திருட்டுத்தனமா செய்யும்போதுகூட ஜோடிக் காலை விடாத கை எங்க வீட்டுக் கைதான். லாயத்துல வேற வேலையாள் கிடையாது. மூத்தவன் டாக்டரோட இருந்தான். நான் அப்ப வீட்டுல இருந்தேன். மிச்சம் ஒருத்தன். ஐஸ் தண்ணிக்குள்ள கைவிட்டு நனைஞ்ச கையுறை இது. ஈரக் கையுறைல கடிவாளம் வழுக்கும். அதான் கழட்டிச் செருகிட்டான். சட்டை காய்ஞ்சிருக்கு, பாருங்க."

இன்ஸ்பெக்டர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஏட்டைக் கூப்பிட்டார்.

குதிரைக்காரன் வெளியே வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. பெரியவர் முன்னால் ஒரு கணம் நின்றான்.

"கொட்டகைல சேணமே இல்லய்யா. அப்பவே எனக்குப் புரிஞ்சுது."

"ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் தெருவில் இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார். "அனுபவசாலி ஜாக்கி. மரத்த கால்ல ஓட்டினா என்ன ஆகும்னு தெரியாதவரில்ல. எதுக்குச் செஞ்சாரு?"

"எழுதிக்குங்க. நேத்து ராத்திரி சாப்பிடும்போது குதிரை நொண்டுது, பந்தயத்துலேர்ந்து எடுத்துடலாம்னு சொன்னான். நொண்டிச் சாக்கு சொல்லிப் பந்தய வாசல்லேர்ந்து திரும்பின ஜாக்கி நம்ம வீட்டுல பொறந்ததில்ல, திரும்பினா இந்தப் படி ஏறாதன்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும். தட்டுல கை கழுவிட்டு எழுந்து போனான்."

பேனா நின்றது.

"எழுதுங்கம்மா" என்றார் பெரியவர்.

"இது கேசுக்கு வேண்டியதில்லைங்கய்யா" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.