அதிகபட்சம் தொண்ணூற்றாறு

ஃபோன் அலறியது.

சிதம்பரத்தில் தேர் பந்தோபஸ்து முடிந்து, அப்போதுதான் ஷூவைக் கழற்றியிருந்தார் எஸ்.ஐ. கொளஞ்சியப்பன். இரண்டு நாளாக நின்ற கால்கள்.

"சார், கயல்விழி பேசறேன். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனில ரியாக்டர் வெடிச்சிடுச்சி. ஒருத்தர் ஸ்பாட்லயே..."

சனியன் பிடித்த வேலை. ஷூவை மறுபடி மாட்டினார்.

ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இருந்தார்.

வெள்ளைத் துணிக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. ஆபரேட்டர் அறிவழகன். பக்கத்திலேயே, அழுது வீங்கிய முகத்தோடு இன்னொரு ஆபரேட்டர் எழிலன்... கையில் போலீஸ் விலங்கோடு.

மேனேஜர் அருண்குமார் லேப்டாப்போடு ஓடி வந்தார்.

"இவன்தான் சார், வால்வ மாத்தித் திறந்துட்டான். சூடு லிமிட்டத் தாண்டவே இல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுத்திருக்கோம். லிமிட்டு நூத்திப்பத்து டிகிரி. எக்செல்ல மேக்ஸ் போட்டா தொண்ணூத்தாறுதான்!"

"பொய் சார்," எழிலனின் குரல் உடைந்தது. "கூலிங் பம்பு ஓடல. நிறுத்திடலாம்னு அறிவழகன் கெஞ்சுனான். இவருதான் ஓட்டுன்னாரு. ரெண்டு பொண்ணு வச்சிருக்கேன் சார்... என்ன உள்ள போட்டுடாதீங்க."

கான்ஸ்டபிள் கயல்விழி திரையைப் பார்த்தாள்.

"ஃபார்முலா சரியா இருக்கு சார். அதிகபட்சம் தொண்ணூத்தாறு."

கொளஞ்சியப்பன் நாற்காலியில் சரிந்தார். கொட்டாவி வந்தது.

"மேனேஜர் சார், ரீடிங் எப்பலேர்ந்து எடுப்பீங்க?"

"காலைல ஒம்போதுலேர்ந்து. ரியாக்டர்ல தண்ணி ஊத்துன ஒடனே."

"சுடுதண்ணியா?"

"பச்சத்தண்ணி சார். அப்புறம்தான் ஸ்டீம் விடுவோம்."

"கயலு, அதே வரிசைக்கு மினிமம் போடும்மா. ஆகக் கொறஞ்சது எவ்ளோன்னு பாப்போம்."

டக்... டக்...

"எண்பத்தெட்டு சார்."



"பச்சத்தண்ணி எண்பத்தெட்டு டிகிரியா?" கொளஞ்சியப்பன் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "வேற நாள் மத்தியான ரீடிங்க எடுத்து ஒட்டிட்டு, மேல மட்டும் பாத்துட்டு வந்துட்டீங்க. முப்பது வருஷமா பாக்கறேன்... எவனும் கீழ பாக்கறதே இல்ல."

அருண்குமார் லேப்டாப்பை மூடினார்.

"ஆர்டர் அவசரம் சார்... பம்பு நாளைக்கு வந்துடும்னாங்க... ஒருநாள்தானேன்னு..."

கயல்விழி எழிலனின் கையை விடுவித்தாள். அவன் போய் அறிவழகனின் கையைத் துணிக்குள் எடுத்து வைத்தான்.

"வக்கீலுக்கு... ஒரு ஃபோன் பண்ணிக்கலாமா சார்?" என்றார் அருண்குமார்.

"தாராளமா. பச்சத்தண்ணியில குளிச்ச ஆளா பாத்து வைங்க."