கொர்ர்ரென்ற வீணை

அஸ்வினி கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே அக்கா இசைவாணி வீணை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மீட்டலிலும் நாதத்தோடு சேர்ந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தமும் வந்தது, டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல.

"கம்பியையும் மாத்திட்டேம்ப்பா. போக மாட்டேங்குது!" அக்காவின் குரல் உடைந்தது.

அப்பா காசிமாயன் ஃபோனைக் கீழே வைத்தார். "ரிப்பேர் பாக்குறவரு ஊர்ல இல்லையாம்மா. நாளைக்குத்தான் வருவாராம்."

போட்டியோ இன்று மாலை ஐந்து மணிக்கு, சிம்மக்கல்லில். இப்போதே மணி மூன்று. கீழக்குயில்குடியிலிருந்து போய்ச் சேரவே முக்கால் மணி நேரம் ஆகும்.

அஸ்வினி நகத்தைக் கடித்தாள். கடிக்க மிச்சமே இல்லை.

நேற்று அக்கா கல்லூரிக்குப் போயிருந்தபோது அவள் ஒரு வேலை செய்திருந்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, வீணையின் மேல்பலகை எந்தெந்த இடத்தில் எப்படி அதிர்கிறது என்று அளந்தாள். அடையாளத்துக்கு அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகளை இருபத்து நான்கு இடங்களில் ஒட்டினாள். ஒவ்வொரு பொட்டின் அருகிலும் பென்சிலின் ரப்பர் முனையால் ஒரு தட்டு. அப்பாவின் ஃபோனிலிருந்த செயலி அந்த ஒலியை எண்ணாகக் காட்டியது. நோட்டில் பலகையை வரைந்து, அந்தந்த இடத்தில் எண்ணை எழுதினாள். வாசலில் அக்காவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் பொட்டுகளை அவசர அவசரமாகப் பிய்த்துப் போட்டாள்.

'வீணையைத் தொட்டே, தொலைச்சுப்புடுவேன்' என்பது அக்காவின் உத்தரவு.

தட்டித் தட்டிப் பலகையை உடைத்துவிட்டோமோ? சொன்னால் அக்கா தொலைத்துவிடுவாள். சொல்லாவிட்டால் அக்காவின் ஆறு மாத உழைப்பு பாழாகிவிடும். அஸ்வினிக்கு அழுகை முட்டியது.

அக்கா முகம் கழுவப் போனாள். அஸ்வினி நோட்டும் ஃபோனுமாக உள்ளே நுழைந்தாள். நேற்று தட்டிய இடங்களையே மறுபடி தட்டினாள். முதல் இடம், நேற்றைய எண்ணேதான். இரண்டாவதும் அதேதான். பதினாறு வரை எதுவும் மாறவில்லை.

பதினேழாவது இடத்தில் எண் மாறியது. கூடவே மெல்லிய 'கொர்ர்'!

குனிந்து பார்த்தாள். கம்பிகளைத் தாங்கும் குதிரையின் அடியில் ஒரு அரக்கு நிறப் பொட்டு! பாதி உள்ளே சிக்கி, மீதி தூக்கிக்கொண்டு நின்றது. பலகையும் அதே நிறம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

அப்பாடா, மரம் உடையவில்லை!

பொட்டை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. நகம் இருந்தால்தானே! ஊக்கால் நெம்பினால் பலகையில் கீறல் விழும்.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கூப்பிட்டாள். "அக்கா... உன் நகம் வேணும்."

"என்னது?" அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்; பின்னாலேயே அப்பாவும்.

அஸ்வினி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்காவின் முகம் சிவந்தது.

"பொட்டா? என் வீணையிலயா? இருபத்து நாலா?"

"இருபத்து மூணத்தான் எடுத்துட்டேனேக்கா."

அப்பா சட்டென்று காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அக்கா, வீணை மீட்டுவதற்காகவே வளர்த்த நகத்தால் பொட்டைப் பூப்போல இழுத்தாள். வந்துவிட்டது. கம்பியை மீட்டினாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கணீரென்று நாதம் மட்டும் வந்தது.

"உன்னைய அப்புறம் வச்சுக்கிறேன்" என்றாள் அக்கா. பிறகு நோட்டை எடுத்துப் புரட்டினாள். "இம்புட்டையும் நீயாவா அளந்த?"

அஸ்வினி பயந்துகொண்டே தலையாட்டினாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா வீணையின் ஒரு முனையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடி."

அஸ்வினி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நானாக்கா?"

"நீதாண்டி. பாத்துப் பிடி."

சிம்மக்கல் போய்ச் சேரும்வரை, ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் அக்கா வாயைத் திறப்பதற்குள் அஸ்வினி கத்திவிட்டாள்.

"அண்ணே, மெதுவா போங்கண்ணே! வீணை இருக்குண்ணே!"