ஒருவழிக் குரல்!

கைப்பேசி அலறியது.

அக்காக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். திரையில் 'தங்கச்சி' என்று மின்னியது.

"சொல்லுடி!"

முதலில் வெறும் கரகரப்பு. அப்புறம்...

"...வீட்டுக்காரர்... கத்தியை எடுத்துட்டு... கதவை இடிக்கிறார்... ஹலோ... கேக்குதா?"

"கேக்குதுடி! என்ன ஆச்சு?"

"ஹலோ... ஹலோ... ஏதாவது பேசுங்களேன்... சீக்கிரம் வாங்க... ப்ளீஸ்!"

"நான் பேசறேன்டி! அக்கா பேசறேன்!"

இவள் தொண்டை கிழியக் கத்தியது எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

கதவு பிளக்கும் சத்தம். ஒரு வீறல். பிறகு... ஒன்றுமே இல்லை!

*

தங்கை வீட்டுக்கு அந்த இன்டர்நெட் போன் வந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாட்டியவன் தங்கையின் புருஷன்.

மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஹாலுக்கு ஒரு போன், படுக்கையறைக்கு ஒரு போன். அக்காவின் கைப்பேசியிலும் ஒரு ஆப் போட்டு, அவளையும் அந்த வீட்டின் எக்ஸ்டென்ஷனாகவே சேர்த்துவிட்டான். ஊர் வேறு என்றாலும் அடுத்த அறையில் இருப்பது மாதிரி! தங்கை நம்பர்கூடப் போட வேண்டாம். 'அக்கா' என்று ஒட்டியிருக்கும் பட்டனை அமுக்கினால் போதும்.

ஒரே ஒரு கோளாறு. சில சமயம் தங்கை பேசுவது இங்கே கேட்கும். இங்கே பேசுவது அங்கே கேட்காது.

"செட்டிங்ல ஏதோ உதைக்குது அக்கா... பார்க்கறேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான்.

பார்க்கவில்லை.

*

போலீஸுக்குச் சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

படுக்கையறையில் தங்கை ஒரு போர்வைக்குள் இருந்தாள். ரிசீவர் மேஜையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்களை அக்கா பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தன. சின்ன வயதில் குளிருகிறது என்று அக்காவின் போர்வைக்குள் அவள் திணிக்கும் அதே கால்கள். விடவே மனம் வரவில்லை.

"அம்மா... கொஞ்சம் வெளிய வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அதட்டிப் பழகிய குரலை முடிந்தவரை தாழ்த்திக்கொண்டார்.

ஹாலில் தங்கையின் புருஷன் கையில் விலங்கோடு நின்றான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"நீங்க சொன்னதை வச்சே ஆளைப் பிடிச்சாச்சு. 'வீட்டுக்காரர்'னு தெளிவா சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர்னா புருஷன். அவ்வளவுதான்!"

"சத்தியமா நான் இல்ல அக்கா!" அவன் கதறினான். "கடைக்குப் போயிருந்தேன்... திரும்பி வந்து பார்த்தா இப்படி..."

அக்கா அவனையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தலையாட்டினாள்.

"சார்... இவரை விட்டுடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?"

"அவ என்கிட்ட ஒரு நாளும் இவரை வீட்டுக்காரர்னு சொன்னதில்ல. 'இவரு'ன்னுதான் சொல்வா. வெளியாள்கிட்டதான் சார் புருஷனை வீட்டுக்காரர்னு சொல்வோம். கூடப்பொறந்தவகிட்ட யாராவது அப்படிச் சொல்வாங்களா?"

"அப்ப... யாரைச் சொன்னாங்க?"

"எங்களுக்குள்ள வீட்டுக்காரர்னா வீட்டு ஓனர். கீழ் வீட்டுல இருக்காரே... அவர்!"

இன்ஸ்பெக்டர் மோவாயைச் சொறிந்தார்.

"ஒரே வார்த்தைக்கு ரெண்டு ஆளா? நம்ம தமிழை வச்சுக்கிட்டு கேஸ் நடத்தறது பெரும்பாடு! சரி, அவருக்கு என்ன கோபம்?"

"போன் ஒயருக்காக இவரு சுவத்துல ஓட்டை போட்டார். 'காலி பண்ணுங்க, இல்லன்னா கையை முறிப்பேன்'னு ஓனர் சத்தம் போட்டிருக்கார். தெருவே வேடிக்கை பார்த்துச்சாம்."

விலங்கு கை மாறியது.

வீட்டு ஓனர் வழுக்கைத் தலையில் அடித்துக்கொண்டார். சம்பவ நேரத்தில் மனைவி வெளியே போயிருக்க, தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாராம். தூங்கியதற்கு யார் சாட்சி சொல்வார்கள்?

"ஒரு ஓட்டைக்காகக் கொலை பண்ணுவேனா சார்?"

"போன மாசம் ஒருத்தன் சொட்டைன்னு சொன்னதுக்கே கொலை பண்ணினான். நடங்க!"

*

தங்கையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். படிகளில் திரும்பும்போது ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. "மெதுவா... மெதுவா..." என்று அக்கா பின்னாலேயே ஓடினாள், அவளுக்கு இனியும் வலிக்கும் என்பது போல.

திரும்பி வந்தபோது மேல் வீட்டில் கூட்டம் கலைந்திருந்தது. இன்ஸ்பெக்டர் கீழ் வீட்டைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். தங்கையின் புருஷன் அக்காவின் காலடியில் சரிந்தான்.

"நீங்க மட்டும் வரலன்னா என் கதி என்ன அக்கா?"

"அழாதீங்க தம்பி... இனிமே நமக்கு நாமதான்."

அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். பாவி மகள், தடவிக் கொடுத்தாள்!

தடதடவென்று யாரோ படியேறி வந்தார்கள். வீட்டு ஓனரின் மனைவி!

"அம்மா! எங்க வீட்டுக்காரர் ஒரு எறும்பைக்கூட மிதிக்க மாட்டார்மா! நீங்க யாரோ, நான் யாரோ... உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்... எங்க வீட்டுக்காரரை விடச் சொல்லுங்கம்மா..."

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் சுருண்டு விழுந்தாள்.

எங்க வீட்டுக்காரர்... நீங்க யாரோ... அக்காவின் நெஞ்சில் ஏதோ சுருக்கென்று தைத்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை. ஹால் போனுக்குப் பாய்ந்தாள்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்!"

"அக்கா... அந்தப் போன் வேண்டாம்!"

அதற்குள் அவசர எண்ணின் மூன்று இலக்கங்களையும் அழுத்திவிட்டாள். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண்.

ரிசீவரில் மணி போயிற்று.

அதே நேரம்... அக்காவின் கைப்பைக்குள் கைப்பேசி அலறியது!

எடுத்தாள்.

திரையில்... 'தங்கச்சி'!

அக்கா ரிசீவரையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி... போலீஸுக்குப் போட்டா எனக்கு ஏன் வருது?"

"அது... உங்க எக்ஸ்டென்ஷனுக்கும் அதே மூணு நம்பர்... தெரியாம அமைஞ்சிருக்கும்..."

"தெரியாமயா? உனக்கு வேற மூணு நம்பரே கிடைக்கலையா?"

அவன் முகத்தில் இருந்த அழுகை துடைத்துவிட்டாற்போல் காணாமல் போயிற்று.

"அடிச்சா போலீஸைக் கூப்பிடுவேன்னு மிரட்டிக்கிட்டே இருந்தா. கூப்பிடட்டும்... வெளியூர்ல இருக்கிற உங்களுக்கே வரட்டும்னு மாத்தி வச்சேன்."

"அடிச்சியா...? என் தங்கச்சியையா?"

"உங்ககிட்ட சொல்லலையா? சொல்ல மாட்டா. மானஸ்தி! இன்னிக்கு என்னை விட்டுட்டு உங்க வீட்டுக்கே போறேன்னு பெட்டி கட்டினா... விடுவேனா?"

வாசல் கதவைச் சாத்தினான். திரும்பினான். ஒரு அடி வைத்தான்...

இன்னொரு அடி வைக்க முடியவில்லை!

தரையில் கிடந்த ஓனரின் மனைவி அவன் காலை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அலறியதிலேயே அவளுக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்!

"சார்ர்ர்...!"

ஜன்னல் வழியே அக்கா போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்டர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

*

விலங்கு மறுபடியும் கை மாறியது. வீட்டு ஓனர் மனைவியின் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி விசும்பினார்.

அக்கா மட்டும் போனுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவ போலீஸைத்தான் சார் கூப்பிட்டிருக்கா. என் குரல் கேக்காததால நான்னே தெரியல. கரகரப்புல கேக்காமப் போனது 'என்'ங்கற வார்த்தை. என் வீட்டுக்காரர்னு சொல்லியிருக்கா!"

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"'வாங்க'ன்னு சொன்னா சார்! என்னை ஜென்மத்துல வாங்கன்னு கூப்பிட்டதில்ல. 'வாக்கா'தான். அதைக் காதால கேட்டும் எனக்கு உறைக்கலையே... அவளைக் கொன்னவனுக்கே வக்காலத்து வாங்கினேனே!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவள் அழுது ஓயவில்லை. ஓயாது என்று தெரிந்ததும், அவனைப் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

ஜீப்பில் ஏறும்போது அவன் முறைத்தான்.

"வக்கீலுக்கு ஒரு போன் பண்ணணும் சார். அது என் உரிமை!"

"தாராளமா பண்ணு ராஜா! ஆனா ஸ்டேஷன் போனையும் உன்னை மாதிரி ஒரு புத்திசாலிதான் மாட்டியிருக்கான்... எந்த நம்பரை அமுக்கினாலும் எனக்குத்தான் வரும்!"