காணாமல் போன சாக்குச் சுருள்

வியாழன், காலை எட்டரை மணி.

ஆய்வுக்கூடத்தின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜன்னல் கம்பி எதுவும் வளையவில்லை, கூரை ஓடு எதுவும் விலகவில்லை. உள்ளே மேஜைமேல் இருந்த கோணிச்சாக்குச் சுருளை மட்டும் காணவில்லை.

அதை முதலில் பார்த்தவர்கள் இரண்டு பேர். பூட்டைத் திறந்த வேளாண்மை ஆசிரியை சாரதாமணி, விளக்குமாறும் கூடையுமாகப் பின்னால் வந்த பள்ளி ஆயா சென்னியம்மாள். ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆயா சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஒரு பழைய சாக்குக்கு இத்தனை கலக்கமா என்று கேட்கலாம். அந்தச் சாக்குக்குள் நூறு சோள விதைகள் இருந்தன. நனைத்த சாக்கில் விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, நூற்றுக்கு எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவதுதான் முளைப்புச் சோதனை. சனிக்கிழமை சேலத்தில் மாவட்ட அளவில் வேளாண் அறிவுப் போட்டி. பள்ளிக்கு ஒருவர்தான் போகலாம், அவர் தன் கையால் செய்த சோதனையோடு வரவேண்டும். சுருள் இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. இன்று புதிதாகச் சுருட்டினால் சனிக்கிழமைக்குள் எண்ணிக்காட்டும் அளவுக்கு முளை வராது.

சுருளைச் செய்தவள் கண்ணாத்தாள். பத்தாம் வகுப்பு, சென்னியம்மாளின் ஒரே மகள், தகப்பன் இல்லாத பெண். போட்டியில் ஜெயித்தால் சேலத்தில் விடுதியில் தங்கி, செலவில்லாமல் வேளாண்மைப் பிரிவில் பிளஸ் டூ படிக்கலாம். இல்லாவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு ஜவ்வரிசி தயாரிக்கும் உள்ளூர் சேகோ மில்லில் மரவள்ளிக்கிழங்குத் தோல் சீவும் வேலை காத்திருந்தது. 1981-ல் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு மூன்றாவது வழி என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

சாரதாமணிக்கு அன்று ஓமலூரில் கூட்டம். போகாமல் இருக்க முடியாது. ராசிபுரத்தில் பஸ் மாறும் இடைவெளியில் விதைக்கடை பஷீர் அகமதுவிடம் ஓடினாள்.

"பாய், சுருளைக் காணோம். யார் எடுத்தாங்கன்னே தெரியலை. கூட்டம் முடிய இருட்டிடும், நான் சூரமங்கலத்துல அம்மா வீட்ல தங்கிட்டு நாளைக்குக் காலையிலதான் வருவேன். நீங்க போய்ப் பாருங்க."

பஷீருக்கு ஐம்பது வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் அந்தப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு விதைகளை அடையாளம் காணப் பழக்குகிறவர். யாரும் சம்பளம் கொடுத்து அழைக்கவில்லை. கலப்பட விதையை ஒரு சிட்டிகையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மாரியம்மன் நோன்பு வந்தால் முளைப்பாரிக்கு நவதானியப் பொட்டலம் கட்டியே விரல் காய்த்துவிடும். கெட்டிக்காரர்தான். அது அவருக்கே தெரியும் என்பதுதான் அவரிடம் இருக்கும் ஒரே குறை.

பகல் பதினோரு மணி.

பஷீர் துப்புத் துலக்குவதற்கு முன் கண்ணாத்தாளை அழைத்துக் கண்ணைக் கட்டி உட்கார வைத்தார்.

"போட்டி சனிக்கிழமை. பாடத்தை எதுக்கு விடணும்? இது என்ன?"

அவள் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள். "எள்ளுங்க."

"கறுப்பா, வெள்ளையா?"

"கண்ணைக் கட்டிட்டு நெறம் கேட்டா எப்படிங்க பாய்?"

"சரி, இது?"

"ஆமணக்குங்க." கட்டுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. "யாருங்க பாய் எடுத்திருப்பாங்க? நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

பஷீர் கட்டை அவிழ்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "முளை கிடைக்கும் சாமி" என்றார். எப்படி என்று அப்போது அவருக்கே தெரியாது.

ஆய்வுக்கூடச் சாவி தலைமையாசிரியர் கந்தப்பனின் அறையில் ஆணியில் தொங்கும். பள்ளிக்குள் வரும் யாரும் எடுக்கலாம். புதன்கிழமை மாலைக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நடமாடியவர்களை பஷீர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

முதலில் காவலாளி ஆண்டி.

"ராத்திரி யாராவது வந்தாங்களா?"

"நாய்கூட வரலைங்க."

"நீங்க தூங்கலையே?"

"தூங்கியிருந்தா நாய் வரலைன்னு எப்படிங்க சொல்லுவேன்? ஆருங்க பாயி எடுத்திருப்பாங்க?"

அடுத்து ராசப்பன். தோட்டம், துரவு, இரண்டு லாரி எல்லாம் உள்ளவர். போட்டிக்குத் தன் மகனை எடுக்கவில்லை என்று புதன் மாலை தலைமையாசிரியர் அறையில் சத்தம் போட்டுவிட்டுப் போனவர்.

"உங்க பையனை ஏன் எடுக்கலையாம்?"

"கம்புக்கும் கேழ்வரகுக்கும் வித்தியாசம் தெரியலைங்கறாங்க. எங்க ஊட்டுல ரெண்டையும் அவன்தானுங்க அதிகமாத் திங்கிறான்."

"சாக்குச் சுருளை எடுத்தீங்களா?"

"எடுக்கறதா இருந்தாப் பட்டப்பகல்ல எடுப்பனுங்க. எனக்கென்ன பயம்? எவன் எடுத்தான்னு தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

கடைசியாக சென்னியம்மாள்.

"நேத்து சாயங்காலம் பூட்டினது நீங்கதானா?"

"ஆமாங்க பாயி. கூட்டிட்டு, பூட்டி, சாவிய ஆணியில மாட்டிட்டுப் போனனுங்க."

"சுருள் அப்போ இருந்துதா?"

"இருந்துதுங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனி அவ சேலம் போக முடியாதுங்களா?"

"கஷ்டம்தான்."

"நெசமாலுமே முடியாதுங்களா?"

பஷீர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

வெள்ளி, காலை ஒன்பது மணி.

பள்ளியின் மூலை முடுக்கெல்லாம் தேடச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் பஷீர். அவர் வந்து இறங்கும்போது ஆண்டி எதிரே ஓடிவந்தான். உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருக்கும் அறையில், கடைசி பெஞ்சுக்கடியில், ஓர் அலுமினியக் குண்டானுக்குள் சுருள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வெளிச்சம் எட்டிப் பார்க்காத அறை.

பஷீர் மெல்லப் பிரித்தார். முளைகள் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தன. ஒன்றுகூட வாடவில்லை. சாக்கு ஈரமாக இருந்தது, அதன்மேல் அங்கங்கே மஞ்சள் திட்டுகள்.

"விதை நேர்த்தி மருந்தா இருக்கும்" என்றார் கந்தப்பன்.

"பூஞ்சணமோ?" என்றாள் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சாரதாமணி.

பஷீர் திட்டைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"கிடைச்சுதே, அது போதும்" என்றார் கந்தப்பன். "ராசப்பன் வேலையாத்தான் இருக்கும். பெரிய மனுசன், விட்டுடலாம் பாய்."

"விட்டா நாளைக்குக் காலையிலயே மறுபடியும் காணாமப் போகும் சார். சென்னியம்மாளைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

தலைமையாசிரியர் அறை. சென்னியம்மாள் கதவோரம் நின்றாள். பஷீர் உட்காராமலே பேசினார்.

"இந்தச் சுருளைக் கெடுக்க நினைச்சவன் வெயில்ல போட்டாலே போதும். மாசி வெயிலுக்கு அரை நாள்ல சுருண்டுரும். இல்லை, ஆட்டுக்குப் போட்டிருக்கலாம். இது ஒண்ணரை நாள் கழிச்சும் ஈரமா இருக்கு. எடுத்த ஆளே விடாமத் தண்ணி தெளிச்சிருக்காங்க. போட்டிக்குப் போகக் கூடாது, ஆனா முளை சாகவும் கூடாது. அப்படி நினைக்கிற எதிரி உண்டா சார்?"

கந்தப்பன் சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"அடுத்தது இந்தத் திட்டு. மருந்துன்னா நெடி அடிக்கும், பூஞ்சணம்னா விரல்ல நூல் மாதிரி ஒட்டும். இது சமையக்கட்டு மஞ்சள். சோளத்துக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கச் சொல்லி எந்தப் பாடத்துலயும் கிடையாது. முளைப்பாரிக்குத்தான் தெளிப்பாங்க. இருட்டறையில வெச்சு, வாடாமப் பாத்துக்குவாங்க. நோம்பிக்கு நவதானியம் வாங்க வர்ற பொம்பளைங்க வருசா வருசம் எங்கிட்டச் சொல்றதுதான். அந்த அறைப் பக்கம் ஆம்பளைங்களை விடவே மாட்டாங்க. ராசப்பனுக்கும் ஆண்டிக்கும் இந்தக் கைப்பழக்கம் வராது."

சாரதாமணி நிமிர்ந்தாள். "அப்போ என்னையா சொல்றீங்க?"

"நீங்க நேத்துக் காலையில போய் இப்பத்தான் வர்றீங்க டீச்சர். இந்த ஈரம் இன்னைக்குக் காலையில தெளிச்சது." பஷீர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் இருக்கு. நேத்து நான் பார்த்த அத்தனை பேரும் யார் எடுத்ததுன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கலை சென்னியம்மா. இனி அவ போக முடியாதான்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டீங்க."



"கூட்டற கூடையில வெச்சு எடுத்தனுங்க" என்றாள் சென்னியம்மாள். "மேல குப்பையப் போட்டு மூடிக்கிட்டேன்."

"எடுத்தது சரி. தண்ணி எதுக்குத் தெளிச்சீங்க?"

"அவ கையால போட்ட முளைங்க. அது வாடுனா அவளுக்கு ஆகாதுங்களே. எம்புள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் என்னத்துக்கு ஆவேன்?"

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

"அவ செயிச்சுருவாங்க பாயி. கண்ணைக் கட்டுனாலும் சொல்ற மாதிரி பழக்கி உட்டுட்டீங்க. செயிச்சா சேலம் போயிருவா. அவங்கப்பன் போனதுலிருந்து அந்த ஊட்டுல நாங்க ரெண்டு பேருதானுங்க. அவளும் போயிட்டா நான் ஆருகிட்டப் பேசறது?"

துப்பு ஒன்றுவிடாமல் சரியாக இருந்தது, ஆனால் அதில் சந்தோஷப்படப் பஷீரால் முடியவில்லை. கந்தப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவுக்கு வெளியே கண்ணாத்தாள் நின்றிருந்தாள். எப்போதிருந்து நின்றாளோ, எல்லாம் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. உள்ளே வந்து அம்மாவின் முன் நின்றாள்.

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருக்கவே மாட்டனே."

"அது தெரிஞ்சுதான் சாமி கேக்கலை" என்றாள் சென்னியம்மாள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கண்ணாத்தாள் சேலம் போனாள். சுருளை மடியில் வைத்துக்கொள், யார் கையிலும் கொடுக்காதே என்று சொல்லி ஏற்றிவிட்டது சென்னியம்மாள்தான்.